படிமுறை காட்டாத கணக்கு

நமது பத்திரிகைகளிலே அடிக்கடி இடம்பெறும் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு சிறுவனின் அல்லது குடும்பத் தலைவனின் புகைப்படம். அதன்கீழ், இன்ன நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்வதற்கு இத்தனை இலட்சம் ரூபா தேவைப்படுகிறது, கருணையுள்ளங் கொண்டோர் உதவுக என்னும் வாசகம். ஈற்றிலே ஒரு வங்கிக் கணக்கிலக்கம். இதனைக் கண்டு இரங்குவோர் பலர். இயன்றதை அனுப்பி வைப்போரும் உளர். பாடசாலைகளிலே நாமும் பட்டியலொன்றைச் சுற்றுக்கு விட்டு, சக ஆசிரியர் ஒருவருக்காகவோ மாணவர் ஒருவருக்காகவோ பணம் சேர்க்கிறோம். ஆனால், அந்த இலட்சங்களை யார் கணக்கிட்டார், எவ்வாறு கணக்கிட்டார் என்று கேட்போரைக் காண்பது அரிது. இத்தனை அங்குல மழை பெய்தது என்ற செய்தியைப் போல, அந்த எண்ணும் இயற்கையின் செயலாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

நாம் ஆசிரியர்கள். விடையை மாத்திரம் எழுதிப் படிமுறையைக் காட்டாது விடும் மாணவனுக்கு முழுப் புள்ளி வழங்குவதில்லை. விடை சரியாயிருப்பினும், அது எப்படி வந்தது என்று கேட்கிறோம். பத்தாம் வகுப்பு மாணவனிடம் தயக்கமின்றிக் கேட்கும் இக்கேள்வியை, நமது சம்பளத்தையும் சேமிப்பையும் காணியையும் விழுங்கவல்ல ஒரு கணக்கை நம்முன் வைப்போரிடம் நாம் ஏன் கேட்பதில்லை?

அண்மைக் காலத்திலே அந்த எண்ணுக்கு வேறொரு கடமையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இலவச வைத்தியத்தை வெறுப்போர் அதனைத் தமது வாதத்தின் ஊன்றுகோலாகக் கொண்டுள்ளனர். “உலகிலே இலவசம் என்று ஒன்றில்லை. ஒரு சத்திரசிகிச்சையின் உண்மைச் செலவு என்னவென்று தனியார் வைத்தியசாலைக்குப் போய்ப் பாருங்கள். அதில் ஒரு பகுதியையாவது செலுத்த மக்கள் பழக வேண்டும்” என்பது அவர்கள் வாதம். படித்த மத்தியதர வர்க்கத்தினரிடையே, நமது ஆசிரியர் ஓய்வறைகளிலே கூட, இவ்வாதம் செல்வாக்குப் பெற்று வருகிறது. ஆகவே இதனை ஆராய்தல் அவசியமாகிறது.

தமிழிலே செலவு, விலை, கட்டணம் என மூன்று சொற்கள் உள. இவை மூன்றும் ஒருபொருட் சொற்களல்ல. ஒன்றை ஆக்குவதற்கு எவ்வளவு உழைப்பும் பொருளும் கரைகின்றனவோ அது செலவு. விற்பவன் கேட்டு வாங்குபவன் கொடுக்கத் தலைப்படுவது விலை. ஒரு நிறுவனம் தன் அதிகாரத்தைக் கொண்டு அறவிடுவது கட்டணம். தனியார் வைத்தியசாலையின் பற்றுச்சீட்டிலே காணப்படுவது கட்டணம். அதனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விலை. அதனைச் செலவு என்று அழைக்கும்போதே வாதத்தின் முதற்பிழை நிகழ்ந்துவிடுகிறது. சொற்களைக் குழப்புவோர் பெரும்பாலும் பொருளையும் குழப்பவே விழைகின்றனர்.

அப்படியாயின் உண்மைச் செலவுதான் யாது? நமக்கு நன்கு பழக்கமான ஒரு சத்திரசிகிச்சையை எடுத்துக்கொள்வோம். முதுமையிலே கண்ணின் வில்லை மங்கிப் பார்வை மறைவதைக் கண்புரை என்கிறோம். மங்கிய வில்லையை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையொன்றைப் பொருத்துவதே இதற்கான சிகிச்சை. திறமையான கைகளிலே அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் காரியம் இது.

இதற்கு வேண்டியவை இருவகையின. வில்லை, மருந்து, கையுறை, பஞ்சு முதலியன ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே செலவாகின்றன. நோயாளி வராவிடின் இச்செலவும் இல்லை. மற்றைய வகை அத்தகையதன்று. சத்திரசிகிச்சை நிபுணர், தாதியர், சிற்றூழியர் ஆகியோரின் சம்பளம், நுணுக்குக்காட்டி, கருவிகளைக் கிருமிநீக்கும் இயந்திரம், கட்டடம், மின்சாரம், வாயிற்காவலர், எழுதுவினைஞர் ஆகியவை நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் செலவாகிக்கொண்டே இருக்கும். முதலாவது வகையைக் கணக்கிடுவது எளிது. கடைக் கணக்கைப் போலக் கூட்டிவிடலாம். இரண்டாவது வகையை ஒரு நோயாளியின் தலையிலே எவ்வாறு ஏற்றுவது? இங்கேதான் எண்கணிதம் முடிந்து தீர்ப்பு ஆரம்பமாகிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தின் நிலையான ஆண்டுச் செலவு 6 கோடி ரூபா என்க. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே செலவாகும் பொருள்களின் பெறுமதி 15,000 ரூபா என்க. அக்கூடத்திலே ஆண்டுக்கு 1000 சிகிச்சைகள் நடைபெறின், ஒவ்வொன்றும் 60,000 ரூபா நிலைச்செலவையும் 15,000 ரூபா பொருட்செலவையும் சேர்த்து 75,000 ரூபாவாகும். அதே கூடத்திலே, அதே ஊழியரைக் கொண்டு 3000 சிகிச்சைகள் நடைபெறின், ஒவ்வொன்றும் 35,000 ரூபாவாகிவிடும். கத்தி ஒன்று, கண்ணும் ஒன்று, எண் மாத்திரம் பாதியிலும் குறைந்துவிட்டது. இவ்விரண்டில் எது உண்மைச் செலவு? கூடம் வெறுமையாகக் கிடந்த நேரத்தின் செலவையும் நோயாளியின் தலையிலே சுமத்துவதா, இல்லையா என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

கூடம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது? நோயாளி இல்லாமையால் அன்று. நமது நாட்டிலே காத்திருப்போர் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. மயக்க மருந்து நிபுணர் இல்லை; இயந்திரம் பழுது; மருந்து வரவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே, பொருளாதார நெருக்கடி உச்சத்தை நோக்கிச் சென்ற வேளையில், மருந்துத் தட்டுப்பாடு காரணமாகப் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. கட்டடம் இருந்தது, நிபுணர் இருந்தனர், தாதியர் இருந்தனர், நோயாளரும் இருந்தனர். சத்திரசிகிச்சை நடைபெறவில்லை. அத்தகைய நாட்களின் செலவை எத்தனை நோயாளரால் வகுப்பது? பூச்சியத்தால் வகுத்தலாகாது என்று நாம் வகுப்பிலே கற்பிக்கிறோம். அந்நியச் செலாவணியைத் தீர்த்துவிட்டு நின்ற ஆட்சியாளரின் தவறு, அடுத்த ஆண்டின் ‘சராசரிச் செலவு’ என்ற பெயரிலே நோயாளியின் கணக்கிலே வந்து சேருமாயின், அது எந்த நீதி?

பாக்கு நீரிணைக்கு அப்பால், மதுரையிலே, இதற்கு மறுதலையான அனுபவமொன்று உண்டு. வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ஆம் ஆண்டிலே 11 கட்டில்களுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரைச் சிகிச்சையின் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிப் பார்த்தது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு மேசையிலே வேலையை முடிக்கும்போது, அருகிலுள்ள மேசையிலே அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். நிபுணரல்லாத பயிற்சி பெற்றோர் செய்யக்கூடிய வேலையை நிபுணர் செய்வதில்லை. இதனால் ஒரு நிபுணர் ஆண்டொன்றிலே செய்யும் சிகிச்சைகளின் தொகை பன்மடங்காகியது; ஒவ்வொன்றின் செலவும் வீழ்ந்தது. வசதியுள்ளோர் செலுத்தும் பணத்தைக் கொண்டு வசதியற்றோருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை செய்ய முடிந்தது. தர்ம ஸ்தாபனம் அரசாங்கத்தின் பொறுப்புக்கு ஈடாகிவிடும் என்று நாம் கருதவில்லை. செலவு என்பது விதியன்று, வேலையை ஒழுங்கு செய்யும் முறையின் விளைவே என்பதற்கு மதுரை ஒரு சான்று. நாம் அதனை எடுத்துக் கூறுவதும் அதற்காகவே.

இனி, வைத்தியசாலையின் பொதுச் செலவை நோக்குவோம். சமையலறை, சலவை, அலுவலகம், காவல், கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவைப் பல்வேறு பிரிவுகளுக்கும் பகிர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு பிரிவும் அடைத்துக்கொண்டிருக்கும் நிலப்பரப்பின்படி பகிரலாம். அங்கு வேலை செய்வோரின் தொகையின்படி பகிரலாம். நோயாளர் தங்கிய நாட்களின்படியும் பகிரலாம். இவை யாவும் கணக்கியலிலே வழங்கும் முறைகளே. எனினும் ஒவ்வொன்றும் ஒரே சத்திரசிகிச்சைக்கு வெவ்வேறு விடையைத் தரும். ஒரு நாளிலே வீடு திரும்பும் கண்புரை நோயாளியின் பங்கு, ஒரு முறையிலே சிறியதாகவும் இன்னொரு முறையிலே பெரியதாகவும் தோன்றும். கணக்கர் எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எந்த முறையைத் தெரிந்தார் என்பதை நமக்குச் சொல்லவுமில்லை.

இது நமது கற்பனையன்று. அமெரிக்காவின் ஹாவார்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ரொபேர்ட் கப்லன், மைக்கல் போர்ட்டர் என்னும் இரு பேராசிரியர்கள் 2011ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரையொன்றில், ஒரு நோயாளியைக் குணப்படுத்த உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்தியசாலைகளே அறியாதிருக்கின்றன என்று வாதிட்டனர். நோயாளி வாயிலுள் நுழைந்தது முதல் வெளியேறும்வரை யார் யார் எத்தனை நிமிடம் அவருக்காக உழைத்தனர் என்று அளந்து, ஒவ்வொரு நிமிடத்தின் செலவாலும் பெருக்கிக் கூட்டுவதே சரியான வழி என்பது அவர்கள் கருத்து. அவர்கள் சோஷலிசவாதிகளல்லர், முதலாளித்துவ நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறுவோர். உலகின் மிகப் பெரிய வைத்தியச் சந்தையிலே வாழ்ந்துகொண்டே, அச்சந்தைக்குத் தன் கணக்குத் தெரியாது என்று அவர்கள் கூறினார்கள். அச்சந்தையை நமக்கு முன்மாதிரியாகக் காட்டுவோர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

அச்சந்தை தரும் விடைகளையும் பார்ப்போம். 2013ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகள் தமது பட்டியல்களிலே குறிக்கும் கட்டணங்களை முதன்முறையாக வெளியிட்டது. மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கான சராசரிக் கட்டணம் ஒக்லஹோமா மாநிலத்தின் ஏடா என்னும் ஊரிலுள்ள வைத்தியசாலையொன்றிலே 5,300 டொலர். கலிபோர்ணியா மாநிலத்தின் மொன்ரறே பார்க் என்னும் ஊரிலே 223,000 டொலர். ஏறத்தாழ நாற்பத்திரண்டு மடங்கு வேறுபாடு! ஒரே நாடு, ஒரே நாணயம், மூட்டும் மனித மூட்டே. வாழ்க்கைச் செலவோ, சம்பளமோ, கருவியின் தரமோ இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் தர முடியாது. காப்புறுதிக் கம்பனிகள் பேரம் பேசி இப்பட்டியலிலும் குறைவாகவே கொடுக்கும். பேரம் பேசும் பலமற்ற, காப்புறுதியற்ற ஏழைக்கே அப்பட்டியல் முழு வேகத்துடன் வந்து சேரும். ‘உண்மைச் செலவு தெரியும் இடம்’ இதுதானா?

பொருட்செலவைக் கூட்டுவது எளிது என்று முன்னர் கூறினோம். கூட்டல் எளிதே, ஆனால் கூட்டப்படும் எண் எங்கிருந்து வருகிறது? கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லையையே எடுத்துக்கொள்வோம். ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1949ஆம் ஆண்டிலே, லண்டனிலுள்ள சென் தோமஸ் வைத்தியசாலையிலே அதனை முதன்முதலிற் பொருத்தினார். அது மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பொது வைத்தியசேவையின் வைத்தியசாலை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் வில்லை பண்டமாயிற்று. 1990களின் தொடக்கத்திலே மேலைநாட்டு வில்லையொன்று நூறு டொலர் அளவில் விற்கப்பட்டது. வறிய நாடுகளின் குருடர்க்கு அது எட்டாக்கனி. 1992ஆம் ஆண்டிலே மதுரையில் ‘ஒரோலாப்’ என்னும் தொழிற்கூடம் ஆரம்பிக்கப்பட்டு வில்லைகள் அங்கேயே செய்யப்பட்டபோது, விலை பத்து டொலர் அளவுக்கும், பின்னர் அதற்குக் கீழும் இறங்கியது. முன்னர் செலவு என்ற பெயரிலே எழுதப்பட்டதிலே எத்தனை பங்கு செலவு, எத்தனை பங்கு ஏகபோகம் என்பதை இவ்விரு எண்களும் காட்டிவிடுகின்றன.

இருதய நாடியின் அடைப்பை நீக்கி அதனைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயை ‘ஸ்ரென்ற்’ என்பர். இந்தியாவிலே மருந்து பூசப்பட்ட ஸ்ரென்ற் ஒரு இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேலும் விற்கப்பட்டு வந்தது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அந்நாட்டின் தேசிய மருந்து விலை நிர்ணய அதிகாரசபை, வரி நீங்கலாக 29,600 ரூபாவுக்கு மேல் அதனை விற்கலாகாது என்றும், மருந்து பூசப்படாத வகையை 7,260 ரூபாவுக்கு மேல் விற்கலாகாது என்றும் கட்டளையிட்டது. ஒரே இரவிலே உலோகம் மலிந்துவிட்டதா? தொழிலாளியின் கூலி குறைந்துவிட்டதா? இரண்டுமில்லை. ஆலையை விட்டு நோயாளியின் நெஞ்சை அடையும் வழியிலே விநியோகத்தரும் வைத்தியசாலைகளும் ஏற்றிவந்த இலாபத்தின் மீது சட்டம் கை வைத்தது, அவ்வளவே. ஆனால் ஒரு தலைப்பிலே இழந்ததை வேறொரு தலைப்பிலே ஏற்றிவிடும் வாய்ப்பு வைத்தியசாலைக்கு உண்டு. ஆதலால் ஒரு வரியை மாத்திரம் கட்டுப்படுத்துவது போதாது; கணக்கு முழுவதும் வெளிச்சத்துக்கு வரவேண்டும்.

இப்பாடத்தை நாம் இந்தியாவிடமிருந்து கற்கவேண்டியதில்லை. நமது நாடே உலகுக்குக் கற்பித்த பாடம் இது. பேராசிரியர் சேனக பிபிலேயும், கம்யூனிஸ்ட் இயக்கத் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971ஆம் ஆண்டிலே சமர்ப்பித்த அறிக்கை, வியாபாரப் பெயர்களிலே மயங்காது மருந்தின் மூலப்பெயராலேயே அதனை வாங்குதல், உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் முழு நாட்டுக்குமாக மொத்தக் கொள்வனவு செய்தல் ஆகிய வழிகளைக் காட்டியது. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதற் தலைவரானார். ஏறத்தாழ 2100 ஆக இருந்த மருந்துவகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. பன்னாட்டுக் கம்பனிகளின் எதிர்ப்பு இலேசானதாக இருக்கவில்லை. 1977ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே கயானா நாட்டிலே பணியாற்றிக் கொண்டிருக்கையில் பிபிலே காலமானார். வாங்குபவன் தனித்து நின்றால் விலை ஒன்று, மக்கள் ஒன்றுசேர்ந்து அரசின் மூலம் வாங்கினால் விலை வேறு என்னும் அவரது பாடம் அவருடன் மறைந்துவிடவில்லை. நோயாளியின் மகனைத் தனியே கடைக்கு அனுப்பி வில்லையோ ஸ்ரென்றோ வாங்கி வருமாறு கூறும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் நாம் அப்பாடத்தை மறந்தவராகிறோம்.

அடுத்து நிபுணரின் கட்டணம். இதனைப் பற்றிப் பேசுவதற்குப் பலர் கூசுகின்றனர். நாம் கூசவில்லை, ஏனெனில் வைத்தியர்மீது நமக்குப் பகை எதுவுமில்லை. நள்ளிரவிலே சத்திரசிகிச்சைக் கூடத்திலே நின்று உழைக்கும் அரசாங்க வைத்தியரின் சம்பளம் அவரது உழைப்புக்கு ஈடானதன்று என்பதையும், நெருக்கடியின் பின் பலர் நாட்டைவிட்டுச் சென்றதையும் அறிவோம். நாம் கேட்பது வேறு. ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் திறமை யாருடைய முதலீடு? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியினால் அவர் முதலாம் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கற்றார். கொழும்பிலோ, பேராதனையிலோ, 1978ஆம் ஆண்டிலே ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலோ அவர் கற்றதற்குரிய பணத்தைக் கொடுத்தவர் கொழுந்து பறித்தவரும், மீன் பிடித்தவரும், நெல் விதைத்தவருமேயாவர். அதனிலும் மேலாக, அவரது கை பழகியது ஏழை நோயாளியின் உடலிலே. மாணவராகவும் பயிற்சி வைத்தியராகவும் அவர் நின்ற கட்டிலருகிலே, பத்துப்பேர் தன்னைத் தொட்டுப் பார்ப்பதற்கு மறுப்புக் கூறாது படுத்திருந்தவர் அந்த ஏழை.

அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப் பின் தனியார் தொழில் நடத்துவதற்கு 1977இன் பின்னர் இடமளிக்கப்பட்டது. அன்று முதல், பொதுமக்களின் முதலீட்டிலே வளர்ந்த திறமை மாலை வேளையிலே தனியார் நிறுவனத்தின் பற்றுச்சீட்டிலே விற்பனைப் பொருளாகிறது. அப்பற்றுச்சீட்டிலே நாட்டு மக்களுக்கு வரவு வைக்கப்படும் வரி ஏதேனும் உண்டா? இல்லை. விதைநெல்லைக் கொடுத்தவன், விளைந்த நெல்லைச் சந்தை விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. அதன் பின்னரும் அவனைப் பார்த்து, ‘நீ இலவசத்துக்குப் பழகிவிட்டாய்’ என்று இடித்துரைக்கிறார்கள்!

கட்டணத்தை நிர்ணயிக்கும் முறையோ இன்னும் விந்தையானது. இந்தியத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றிலே, நோயாளி தங்கும் அறையின் தரத்துக்கேற்பச் சத்திரசிகிச்சைக் கட்டணமும் வேறுபடும். பொது வார்ட்டிலே படுப்பவருக்கு ஒரு தொகை. தனியறையிலே படுப்பவருக்கு, அதே நிபுணர் அதே கூடத்திலே செய்யும் அதே சிகிச்சைக்கு, இன்னொரு தொகை. மயக்க மருந்து நிபுணருக்குரிய கட்டணத்தைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணத்திலே ஒரு பங்காக நிர்ணயிக்கும் வழக்கமும் உண்டு. பின்னவருடையது ஏறினால், ஒரு நிமிடமும் மேலதிகமாக உழைக்காத முன்னவருடையதும் ஏறும். நோயாளியின் மடியிலே எவ்வளவு இருக்கக்கூடும் என்ற ஊகமே இங்கு அளவுகோல். செலவின் வாடை கூட இதிலே இல்லை.

இதுவரை, கணக்கிலே ஏற்றப்படுவனவற்றைப் பார்த்தோம். ஏற்றப்படாதவை யாவை? மொனராகலையிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ நகரத்து வைத்தியசாலைக்கு வரும் நோயாளியின் பிரயாணச் செலவு எந்த வைத்தியசாலையின் கணக்கிலும் இல்லை. துணைக்கு வந்தவரின் நாட்கூலி இல்லை. இன்று போய் அடுத்த மாதம் வா என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்கள் இல்லை. வெளியிலே செய்வித்த இரத்தப் பரிசோதனை இல்லை. தாய்க்குத் துணையாக வைத்தியசாலையிலே இருந்த மாணவி பாடசாலைக்கு வராத நாட்களை நாம் வரவுப் பதிவேட்டிலே குறிக்கிறோம். அந்நாட்களை எந்தக் கணக்கர் குறிக்கிறார்? அரசாங்கம் செலவைக் குறைத்துவிட்டதாகப் பெருமை பேசும்போது, அச்செலவு பெரும்பாலும் மறைந்துவிடுவதில்லை. நோயாளியின் வீட்டுக்கு இடம்மாறிவிடுகிறது.

சத்திரசிகிச்சை செய்யாதிருப்பதன் செலவும் உண்டு. கண்புரையினாற் பார்வையிழந்த பாட்டி ஒருத்தியை வீட்டிலே பார்த்துக்கொள்வதற்குப் பேத்தியின் கல்வி பலியாகிறது. குடலிறக்கத்தைக் கவனியாது மூட்டை சுமந்த தொழிலாளி ஒரு நாள் அவசர சிகிச்சைக்கு வருகிறார். அப்பொழுது சிகிச்சையும் கடினம், ஆபத்தும் அதிகம். ‘உங்களால் இதனைச் செலுத்த முடியுமா?’ என்று கேட்பதற்கு முன், ‘இதனைச் செய்யாதுவிட நாட்டினால் முடியுமா?’ என்று கேட்பதல்லவா முறை?

“அப்படியாயின் கணக்கே வேண்டாம் என்கிறீர்களா? அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு செலவிட வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கைக் கண்டு அஞ்சுவோர் நாமல்லர். கணக்கு வேண்டும் என்று முதலிற் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. எங்கே பொருள் வீணாகிறது, எங்கே கூடம் வெறுமையாகக் கிடக்கிறது, எந்தக் கேள்விப்பத்திரத்திலே இலஞ்சம் புகுந்தது என்பவற்றைக் காட்டவல்லது கணக்கு ஒன்றே. ஊழலுக்கு உகந்தது இருட்டு. ஆனால் கணக்கு எதற்காக என்பதிலேதான் நாம் வேறுபடுகிறோம். வீண்செலவை ஒழித்து மேலும் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை செய்வதற்காகக் கணக்கிடுவது ஒன்று. தொகையைக் காட்டி அச்சுறுத்தி, நோயாளியிடம் பணம் அறவிடுவதற்கு முன்னுரையாகக் கணக்கிடுவது முற்றிலும் வேறு.

இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த கடன்திட்டத்துடன், மின்சாரத்தையும் எரிபொருளையும் ‘செலவை மீட்கும்’ விலைக்கு விற்கவேண்டும் என்னும் நிபந்தனை நமது அரசியற் சொல்வழக்கிலே குடிபுகுந்தது. மின்மானிக்குப் பழகிய அச்சொல்லை நாளை வைத்தியசாலைக் கட்டிலுக்கும் பழக்குவதற்குப் பலர் காத்திருக்கின்றனர். இவ்விடயத்திலே நமது முகாமும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 1970களின் தொடக்கத்திலே அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறையைக் கொண்டுவந்தது, இடதுசாரிக் கட்சிகள் பங்காளிகளாயிருந்த அரசாங்கமே. அது பின்னர் கைவிடப்பட்டது. திறைசேரியிலே பணமில்லை என்ற நியாயம் எக்கட்சியின் நாவிலும் இலகுவாக வந்து அமர்ந்துவிடும் என்பதற்கு இது சான்று.

காப்புறுதி இருக்கிறதே என்பார் இன்னும் சிலர். ‘அக்ரஹார’ காப்புறுதிக்காக மாதந்தோறும் நமது சம்பளத்திலே ஒரு தொகை கழிக்கப்படுகிறது. கஷ்ட காலத்திலே அது உதவாமலில்லை. ஆனால் காப்புறுதி கட்டணத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமேயன்றிக் கட்டணத்தின் நியாயத்தை விசாரிப்பதில்லை. வரையறைக்கு மேற்பட்ட தொகை எப்படியும் நம் தலையிலேயே விழுகிறது. மேலும், நிரந்தரச் சம்பளம் பெறும் நமக்கு அது உண்டு. மீனவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சந்தையிலே மரக்கறி விற்கும் பெண்ணுக்கும் யாது உண்டு? நமக்கொரு குடை கிடைத்துவிட்டது என்பதற்காகக் கூரையைப் பிரிப்பதற்கு உடன்படலாகாது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகள், அடிக்கடி நடைபெறும் சத்திரசிகிச்சைகளின் செலவை, எந்த முறையிலே பகிர்ந்து கணக்கிட்டன என்பதுடன் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம் வெறுமையாகக் கிடந்த மணித்தியாலங்களும், அதற்கான காரணமும் அதிலே காட்டப்பட வேண்டும். தனியார் வைத்தியசாலைகள், நோயாளியை அனுமதிப்பதற்கு முன்னரே, நிபுணர் கட்டணம், கூடக் கட்டணம், பொருள்களின் கொள்விலை, விற்பனை விலை யாவற்றையும் வெவ்வேறாகக் காட்டும் மதிப்பீட்டைத் தாய்மொழியிலே எழுத்திற் கொடுக்கச் சட்டத்தினாற் கட்டாயப்படுத்தப்பட வேண்டும். வில்லை, ஸ்ரென்ற், செயற்கை மூட்டு முதலியவற்றைப் பிபிலே காட்டிய வழியிலே முழு நாட்டுக்குமாக வாங்க வேண்டும்; தனியார் துறையும் அவ்விலைக்குக் கட்டுப்பட வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. விகிதமும் சதவீதமும் கற்பிக்கும் ஆசிரியர், கற்பனை வியாபாரியின் இலாப நட்டத்தைக் கணக்கிடச் செய்வதுடன் நின்றுவிடாது, வைத்தியசாலைப் பற்றுச்சீட்டொன்றையும் கரும்பலகையிலே எழுதிப் பிரித்துக் காட்டலாம். தமிழாசிரியர், செலவுக்கும் விலைக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்பொருள் விளக்கமாகவே கற்பிக்கலாம். பணம் சேர்க்கும் பட்டியல் அடுத்தமுறை நமது ஓய்வறைக்கு வரும்போது இயன்றதைக் கொடுப்போம். கொடுத்துவிட்டு, அத்தொகை எவ்வாறு வந்தது என்று எழுத்திலே விளக்கம் கேட்டு வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் எழுதுவோம். பத்துப் பாடசாலைகளிலிருந்து பத்துக் கடிதங்கள் சென்றால் அலட்சியம் செய்யலாம்; நாடெங்குமிருந்து ஆயிரமாயிரம் சென்றால் அலட்சியம் செய்ய இயலாது.

கட்டணம் செலுத்துமாறு மக்களிடம் கேட்போர் முதலிலே தமது கணக்கின் படிமுறையைக் காட்டட்டும். அதுவரை அந்த விடைக்கு நாம் இடக்கூடிய புள்ளி பூச்சியமே.